பஞ்சபுராணத்தைச் சுருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பிரதோஷப் பூசை நீண்டுகொண்டே போகிறது, வேலை முடிந்து நேரே கோயிலுக்கு வருபவர்கள் வீடு போய்ச் சேர நேரமாகிறது, அதனால் தீபாராதனைக்குப் பிறகு பாடும் பஞ்சபுராணம் என்ற ஐந்து பாட்டுகளை ஒரே பாட்டோடு முடித்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. பாடுபவர் வராத நாளில் ஒலிப்பதிவைப் போட்டாலே போதும் என்றும் எழுதியிருந்தார். அவர் சொல்லும் சிரமம் உண்மைதான். கையில் மடிக்கணினிப் பையோடு, காலை ஏழு மணிக்குப் போட்ட சட்டையோடு சன்னதியில் வந்து நிற்கும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். ஆனாலும் அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

நான் பாலர்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். யூனோஸ் பக்கம் குடியிருக்கிறேன். பிரதோஷத்துக்குப் பெரும்பாலும் கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலுக்குப் போவேன். சில நாள் காலாங் ரோட்டில் இருக்கும் மன்மத காருணீஸ்வரர் கோயிலுக்குப் போவதும் உண்டு.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிரதோஷ காலம் என்று பெரியவர்கள் முக்கியமாகச் சொல்வது சூரியன் மறைவதற்கு முந்திய மூன்றே முக்கால் நாழிகையை, அதாவது ஒன்றரை மணி நேரத்தை. தமிழ்நாட்டில் அதை மாலை 4.30 முதல் 6 மணி வரை என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். இங்கே பொழுது சாய்வது ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான். 1982 புத்தாண்டில் நம் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்பு ஆறரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே சிங்கப்பூரில் பிரதோஷ காலம் ஏறக்குறைய ஐந்தரையிலிருந்து ஏழு வரை. ஊரில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. ஷென்டன் வேயில் ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் பாய லேபாரில் இறங்கி நடந்து வந்தாலும் தீபாராதனையைப் பார்த்துவிடலாம்.

நேரம் எதற்குப் போகிறது என்றால், அபிஷேகத்துக்குத்தான் அதிகம் போகிறது. போகட்டும். நந்திக்கும் லிங்கத்துக்கும் பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், விபூதி என்று ஒவ்வொன்றாக ஆவதைப் பார்க்கத்தானே வருகிறோம். ஆலகால விஷத்தை உண்ட பெருமான் நந்தியின் இரு கொம்புகளுக்கு நடுவே ஆடிய வேளை என்றல்லவா இதைச் சொல்கிறோம்! பிறகு திரை போட்டு அலங்காரம். அப்புறம் தீபாராதனை, வேதம், திருமுறை என்னும் சைவத் தமிழ்ப் பாட்டுகள், சுவாமி ரிஷப வாகனத்தில் உள்வலம். இதில் பஞ்சபுராணம், ஐந்து பாட்டையும் நிறுத்தி நிதானமாகப் பாடினால்கூட, பத்து நிமிடத்தைத் தாண்டாது. திரை விலகட்டும் என்று நாம் சும்மா நிற்கும் நேரம் அதைவிட அதிகம். உபயதாரர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கும் நேரமும் சில நாளில் அதைவிட அதிகம். குறைத்தே ஆக வேண்டும் என்றால் கை வைக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

சரி, நேரத்தை விடுவோம். வாசகர் கேட்டபடி ஐந்தை ஒன்றாக்கினால் எதை வைத்துக்கொண்டு எதையெல்லாம் எடுப்பது? தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலும் ஒவ்வொரு பாட்டைப் பாடுவதுதான் பஞ்சபுராணம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் "திருச்சிற்றம்பலம்" என்று சொல்கிறோம். அது தில்லை என்னும் சிதம்பரத்தில் நடராசப் பெருமான் ஆடும் சபை. எந்த ஊரில், எந்தச் சிவன் முன்னால் நின்று பாடினாலும் முதலில் தில்லையைச் சொல்லிவிட்டுத்தான் பாடுகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஐந்துமே ஏதோ ஒரு வகையில் தில்லையிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தவை.

தேவாரத்தை எடுத்துக்கொள்வோம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய ஏடுகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாத காலம் ஒன்று இருந்தது. கோயில்களில் ஒன்றிரண்டு பதிகங்கள்தான் காதில் விழுந்துகொண்டிருந்தன. இராசராச சோழன் அவற்றைக் கேட்டு உருகி, முழுவதும் வேண்டும் என்று திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியிடம் போகிறான். ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் மூவர் கைக்குறியோடு பூட்டிக் கிடப்பதாகப் பொல்லாப் பிள்ளையார் நம்பிக்கு உணர்த்துகிறார். தில்லைக்குப் போனால், மூவரும் நேரில் வந்தால்தான் அறையைத் திறப்போம் என்கிறார்கள் அங்கே பூசை செய்யும் தீட்சிதர்கள். அரசன் மூவருடைய திருவுருவங்களுக்கும் வழிபாடு செய்து, வீதியுலாவாகக் கொண்டுவந்து அறையின் முன் நிறுத்துகிறான். திறந்து பார்த்தால் ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது மிஞ்சியவைதான் இன்று நம் கையில் இருப்பவை. திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாறு இது. 796 பதிகங்கள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். அதில்கூட திருவிடைவாய்ப் பதிகம் ஏட்டில் வந்ததில்லை, அந்தக் கோயிலின் கல்வெட்டிலிருந்து பின்னாளில் கிடைத்தது.

பாட்டு கிடைத்தும் அதன் இசையான பண் கிடைக்கவில்லை. எந்தப் பதிகத்தை எப்படிப் பாடுவது என்று சொல்ல ஆள் இல்லை. திரு எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, தில்லைக்கு அழைத்து வந்து, அவர் பாடிக் காட்டியபடி பண் அடைவு செய்தார்கள். அந்த அம்மாவின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. "தோடுடைய செவியன்" பதிகத்துக்குப் பண் நட்டபாடை என்று இன்று நாம் சொல்கிறோம், கம்பீரநாட்டையில் பாடுகிறோம் என்றால் அதற்குப் பின்னால் அவர் குரல் இருக்கிறது. சன்னதியில் பெண்கள் பாடலாமா என்று இன்னமும் தயங்கி நிற்கும் தோழிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். 2021இல் தமிழ்நாட்டு அறநிலையத் துறை, சென்னைக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு ஓர் இளம் பெண்ணைத் திருமுறை பாடும் ஓதுவாராக நியமித்தபோது பலர் புதுமை என்றார்கள். எனக்கு அது பழைய கடன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததாகத்தான் பட்டது.

திருவாசகமும் தில்லையில்தான் எழுத்தாயிற்று. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல அந்தணராக வந்த பெருமானே கைப்பட எழுதி, திருச்சிற்றம்பலமுடையான் எழுத்து என்று ஒப்பமிட்டுப் பஞ்சாட்சரப் படியில் வைத்துவிட்டுப் போனார் என்பது நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் செய்தி. இதற்குப் பொருள் என்ன என்று தில்லைவாழ் அந்தணர்கள் கேட்டபோது, அடிகள் நடராசரைக் கைகாட்டி, இவரே பொருள் என்று சொல்லி அம்பலத்துள் கலந்தார்.

திருவிசைப்பா பாடியவர்கள் ஒன்பது பேர். பதிகங்களில் பாதியளவு தில்லையைப் பாடியவை. அந்த ஒன்பது பேரில் கண்டராதித்தர் ஒருவர். சோழ அரசர், செம்பியன் மாதேவியின் கணவர். நாட்டை ஆண்ட ஒருவர் அம்பலத்தின் முன் நின்று, இவரை நான் என்று வந்து எய்துவேன் என்று ஏங்கிப் பாடியிருக்கிறார். பஞ்சபுராணத்தில் முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்தத் திருவிசைப்பாதான். யாருக்கும் தெரியாத பாட்டு என்பார்கள். பாடாமல் விட்டால் எப்படித் தெரியும்?

திருப்பல்லாண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. சேந்தனார் விறகு வெட்டிப் பிழைத்தவர். நாள்தோறும் ஓர் அடியாருக்காவது உணவு படைத்த பிறகே தாம் உண்பார். ஒரு நாள் அடைமழை, விறகு விற்கவில்லை. வீட்டில் இருந்ததை வைத்துக் களி கிண்டுகிறார்கள். நனைந்தபடி வந்த ஒரு முதியவர் அதை மகிழ்ந்து உண்டு, மிச்சத்தையும் வாங்கிப் போகிறார். மறுநாள் காலை சிற்றம்பலம் திறந்தபோது உள்ளே எங்கும் களி சிதறிக் கிடந்தது. அன்று தேர்த் திருநாள். தேர் நிலத்தில் அழுந்தி அசையவில்லை. சேந்தனே, பல்லாண்டு பாடு என்று குரல் கேட்கிறது. "மன்னுக தில்லை" என்று தொடங்கி 13 பாட்டுப் பாடுகிறார், தேர் நகர்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு நம் வீடுகளில் களி கிண்டுவது இதனால்தான். பிடோக் சந்தையில் ஏழுகறிக் கூட்டுக்குக் காய் வாங்கும் நம் பெண்கள் எல்லோருக்கும் களி தெரியும். அந்தக் களியோடு சேர்ந்து வந்த பாட்டும் தெரிய வேண்டாமா? அதைப் பாடும் இடம் பஞ்சபுராணம்தான். வேறு எங்கே வைத்துப் பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுப்போம்?

கடைசியாகப் பெரியபுராணம். "உலகெலாம்" என்று நடராசப் பெருமானே முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க, தில்லையில் இருந்து சேக்கிழார் பாடி, அங்கேயே ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார்.

இப்போது சொல்லுங்கள், எதை எடுத்துவிடுவது? கண்டெடுத்தது, எழுதப்பட்டது, ஏங்கியது, தேரை நகர்த்தியது, முதல் சொல் பெற்றது என்று ஐந்தும் சேர்ந்தால் தில்லைக் கோயிலின் கதை முழுதும் பத்து நிமிடத்தில் நம் முன் வந்துவிடுகிறது. சிதம்பரத்துக்குப் போகும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. நான் கணவரோடு ஆனித் திருமஞ்சனத்துக்குப் போயிருந்தேன். மற்ற ஊர்களில் உற்சவ மூர்த்தி தேருக்கு வருவார், அங்கே கருவறையில் ஆடும் நடராசரே தேரில் ஏறி வீதிக்கு வருகிறார். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றபோது பின்னால் யாரோ "பல்லாண்டு கூறுதுமே" என்று எடுத்தார்கள், வீதியே சேர்ந்துகொண்டது. என் கணவருக்குச் சைவ நூல் பழக்கம் அதிகம் கிடையாது. ஆனால் சிங்கப்பூரில் பிரதோஷந்தோறும் காதில் விழுந்த வரி என்பதால் அவரும் சேர்ந்து பாடினார்.

பாடுவதற்கென்று ஆட்களை வைத்து ஊதியம் கொடுத்தது நம் முன்னோர்க்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சான்று. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரப் பதிகம் பாட 48 பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஒருவர் இறந்தால் அல்லது வெளியூர் போனால் அவர் இடத்துக்கு யார் வரவேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறான் இராசராசன். அந்த இடம் காலியாகிவிடக் கூடாது என்ற கவலை அந்த ஏற்பாட்டில் தெரிகிறது.

ஒலிப்பதிவைப் பற்றி. என் வீட்டில் தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் பாடிய ஒலிநாடாக்கள் ஒரு காலத்தில் ஓயாமல் ஓடின. இன்று அதையே கைப்பேசியில் கேட்கிறேன். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசான் கிடையாது. வீட்டில் கேட்பதற்கும் கற்பதற்கும் ஒலிப்பதிவு வேண்டியதுதான். சன்னதியில் பாட்டு என்பது பூசையின் ஓர் அங்கம். தூபம், தீபம், நைவேத்தியம் போல கீதமும் இறைவனுக்குச் செய்யும் உபசாரம். விளக்கின் படத்தைக் காட்டி ஆரத்தி முடிந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கோயிலில் ஒரு நாள், தீபாராதனை முடிந்ததும் ஒலிபெருக்கியில் பதிகம் ஓடத் தொடங்கியது. அடுத்த நொடி கூட்டம் பேச ஆரம்பித்துவிட்டது. ஒருவர் வாட்ஸ்அப் பார்த்தார், இன்னொருவர் காலணி வைத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார். பதிகம் தன்பாட்டுக்கு ஓடி, பாதியில் நிறுத்தப்பட்டது. அதே கூட்டம், ஒரு மனிதர் கைகூப்பி நின்று பாடினால் அமைதியாகக் கேட்கிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா திருவாரூர்ப் பக்கத்துக்காரர். 1950களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் "ரஜூலா" கப்பல் ஏறி வந்தவர். ஹார்பர் போர்டில் வேலை, தஞ்சோங் பகாரில் குவார்ட்டர்ஸ். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. சிறுவனாகத் திருவாரூர்ச் சன்னதியில் ஓதுவார் பக்கத்தில் நின்று நின்று காதால் கற்றதுதான் எல்லாம். அப்போது சிவன் கோயில் ஆர்ச்சர்ட் ரோட்டில், தோபிகாட் அருகே இருந்தது. பிரதோஷத்துக்கு என்னையும் தம்பியையும் அங்கே அழைத்துப் போவார். பூசை முடிந்ததும் கேட்பார் யாரையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு "சொற்றுணை வேதியன்" எடுப்பார். பல்லவன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அப்பர் பெருமான் பாடிய பதிகம். கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது. கப்பலில் வந்த நாட்களில் அலை மோதும்போதெல்லாம் மேல்தளத்தில் உட்கார்ந்து அதையே பாடிக்கொண்டிருந்ததாக அப்பா சொல்வார்.

எம்ஆர்டி ரயில் பாதை வேலைக்காக 1983இல் அந்தக் கோயில் ஆர்ச்சர்ட் ரோட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தற்காலிகமாக இருந்தது. பிறகு கேலாங் ஈஸ்டில் எண்கோண அமைப்பில் இப்போதைய கோயிலைக் கட்டி, 1993 மே மாதம் குடமுழுக்கு நடத்தினார்கள். பக்கத்திலேயே பௌத்த மடம், சற்றுத் தள்ளி நூலகம் என்று அந்த இடமே ஓர் அமைதி. அப்பா மூன்று இடத்திலும் அதே பதிகத்தைப் பாடினார். கட்டடத்தை நம்மால் எடுத்துக்கொண்டு வர முடியவில்லை. ஆர்ச்சர்ட் ரோட்டுக் கோயிலில் பார்த்தவற்றில் இன்று அப்படியே மிச்சம் இருப்பது சுவாமியும் பாட்டும்தான் என்று நான் சொன்னால் அந்தக் காலத்து ஆட்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தில்லையில் சிற்றம்பல மேடையேறித் தமிழ்த் திருமுறை பாடுவது குறித்துப் பெரும் வழக்கு நடந்து, 2008இல் தமிழ்நாட்டு அரசு அதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. அதன் நியாயங்களுக்குள் நான் போகவில்லை. இங்கே நமக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. எந்தக் கோயிலிலும் குருக்களிடம் ஒரு வார்த்தை சொன்னால், பாடுங்கள் அம்மா என்கிறார். கேட்காமலே வாய்த்த அந்த உரிமையை நேரமில்லை என்று நாமாகவே விட்டுக் கொடுப்பதா?

சென்ற ஒரு சனிப் பிரதோஷத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஓதுவார் திருப்பல்லாண்டு பாடி முடிக்கும் இடத்தில், தூண் அருகே நின்ற இளைஞர் ஒருவர் கடைசி வரியைக் கணீரென்று எடுத்தார். கட்டுமானத் தளத்திலிருந்து நேரே வந்திருக்கிறார் என்று காலணியும் கையில் இருந்த தலைக்கவசமும் சொல்லின. ஓதுவார் திரும்பிப் பார்த்து, வா தம்பி என்று முன்னால் அழைத்து, பெரியபுராணத்தை அவரையே பாடச் சொன்னார். பாடினார். அப்படியொரு குரல்! பிறகு பேசிப் பார்த்தேன். மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமம், தாத்தா திருமுறை பாடுபவராம். இங்கே வந்து தங்கும் விடுதியில் பாட இடமில்லை, கோயிலுக்கு வந்தால் இந்தப் பத்து நிமிடம்தான் அக்கா எனக்கு ஊர் மாதிரி இருக்கிறது என்றார். பஞ்சபுராணம் ஒரு பாட்டாகச் சுருங்கியிருந்தால் அவர் வாய் திறக்கும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். என் பேத்தி தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பு. வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். சம்பந்தர் மூன்று வயதில் பாடினார் என்று கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் "தோடுடைய செவியன்" மேல் தனிப் பிரியம். தன்னைவிட மூத்தவர்கள் பாடுவது வேறு, தன்னைவிடச் சின்னக் குழந்தை பாடியது என்பது வேறு, இல்லையா? ஆண்டுதோறும் நடக்கும் திருமுறை மாநாட்டுப் போட்டிகளில் எத்தனையோ பிள்ளைகள் அழகாகப் பாடிப் பரிசு வாங்குகிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளை அடுத்த பிரதோஷத்தில் எங்கே பாடுகிறது? பாடவைக்கும் இடம் கோயிலில் இருந்தால்தான் கற்றது நாவில் நிற்கும். சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் நம் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் திருமுறையைப் பேணுவதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு. அவர்கள் வீடுகளில் பிள்ளைகள் தேவாரம் சொல்லிவிட்டுத்தான் படிக்க உட்காருவார்கள் என்று என் பள்ளித் தோழி சொல்வாள்.

குறை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு விருப்பமில்லை. நேரம் பற்றிய வாசகரின் கவலைக்கு வழி உண்டு. திரை போட்டு அலங்காரம் நடக்கும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து சிவபுராணம் பாடலாம். 95 அடிகள், அலங்காரம் முடிவதற்குள் முடிந்துவிடும். காத்திருப்பதாகவே தோன்றாது. அறிவிப்புகளை எல்லாம் பூசை தொடங்கும் முன்பே முடித்துவிடலாம், அல்லது பலகையில் எழுதி வைக்கலாம். தீபாராதனைக்குப் பிறகு பஞ்சபுராணம் ஐந்தும் இருக்கட்டும். ஓதுவார் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்க, அன்றைக்குப் பாடும் ஐந்து பாட்டையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் யாரும் பின்தொடரலாம். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக அதையே பின்பக்கத்தில் ரோமன் எழுத்திலும் போடலாம். தமிழாசிரியையாக இருந்த நான் இதைச் சொல்வதில் சிலருக்கு வருத்தம் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், முதலில் பாட்டு நாவுக்கு வரட்டும், எழுத்தை நாம் பிறகு கற்றுக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஆறு மாதத்துக்கு அதே ஐந்து பாட்டாக இருக்கட்டும். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் மாற்றினால் யாருக்கும் மனத்தில் நிற்காது. அப்புறம் வேறு ஐந்து. ஓதுவார் இல்லாத கோயிலில் பாடத் தெரிந்த அடியார்கள் முறை வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம், மாலை ஐந்து மணிக்கே வந்துவிடுவோம். சனிக்கிழமை பிரதோஷத்தில் பள்ளிக்கூடம் இல்லை, அன்றைக்கு ஐந்தில் ஒரு பாட்டைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம்.

வீட்டுக்கு விரைய வேண்டியவர்கள் தீபாராதனை ஆனதும் விபூதி வாங்கிக்கொண்டு போகட்டும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. நந்தியின் கொம்புகளுக்கு நடுவே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடும் பிள்ளையையும் சிவன் ஏற்றுக்கொள்வார். அவர் போகிறார் என்பதற்காக, நின்று பாட வந்தவருக்கும் கேட்க வந்தவருக்கும் இருக்கும் பத்து நிமிடத்தை எடுத்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கோயில் நிர்வாகங்கள் இதைப் பற்றி முடிவெடுக்கும்போது, அவசரத்தில் இருப்பவர்களின் கடிதங்களோடு இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் சொன்ன பாட்டுத் தாளை மாதிரிக்கு ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ரோமன், ஒவ்வொரு பாட்டின் மேலும் பாடியவர் பெயர், தேவாரப் பாட்டுக்குப் பண்ணும் உண்டு. பேத்திதான் கணினியில் அடித்துக் கொடுத்தாள். எந்தக் கோயில் கேட்டாலும் தரத் தயார், முதல் ஆறு மாதத்துக்கு அச்சுச் செலவும் என்னுடையது. விருப்பமுள்ள நிர்வாகத்தினர் உங்கள் அலுவலகம் வழியாக என்னைத் தொடர்புகொள்ளலாம், முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாலர்பள்ளி ஆசிரியை,
யூனோஸ்